ஹார்ட் டிஸ்க் 'குட்' என்று காட்டும்போது பேக்கப் எதற்கு?

கேட்டவர் சொல்வது இதுதான்: வீட்டு கம்ப்யூட்டரில் ஐந்து வருடம் ஓடிய ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் நீலக் கட்டத்தில் 'குட்' என்று வருகிறது. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று சாஃப்ட்வேரே சொல்லும்போது இன்னொரு டிஸ்க் வாங்கிக் காசை ஏன் கொட்ட வேண்டும்?

கொட்டுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம்.

உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து வருட டிஸ்க் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள், வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்தது, யாரோ ஒரு மாமா பென் டிரைவில் கொடுத்த பழைய பாட்டுகள், 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் பல ஃபோல்டர்கள். அதில் பாதி போனாலும் பரவாயில்லை. எந்தப் பாதி போக வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள் இல்லை, அதுதான் சிக்கல்.

நான் இன்ஜினியர் இல்லை. தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். 'வீடியோ வெட்டுகிறவனுக்கு டிஸ்க்கைப் பற்றி என்ன தெரியும்' என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ட்ரோன், மறுநாள் வரவேற்பு எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கான ஜிபி எங்கள் மேஜைக்கு வருகிறது. அது போனால் திரும்ப எடுக்க முடியாது. தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா?

எங்கள் முதலாளி அண்ணன் நல்ல மனுஷன், கை மட்டும் கொஞ்சம் இறுக்கம். வேலை நடக்கும் டிஸ்க்குக்கு இரண்டாவது காப்பி வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "கம்ப்யூட்டரே நல்லாக்கீதுன்னு சொல்லுது, உனக்கு இன்னாப்பா பிரச்சினை?" சரி என்று என் சொந்தக் காசில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினேன். சாயங்காலம் கடை மூடும்போது அன்றைய ஃபுட்டேஜை அதில் ஏற்றி, பையில் போட்டு எர்ணாவூரில் என் வீட்டுக்கு எடுத்துப் போவேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். 'டிஸ்க்குக்கு டிபன் பாக்ஸா?' என்று கேட்ட அசிஸ்டென்ட் தம்பி இதைப் படித்தால் படிக்கட்டும்.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக் கல்யாணம். முழு ஃபுட்டேஜும் உள்ளே இறங்கி, கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக ஃபார்மேட் செய்தாகிவிட்டது. முந்தைய சாயங்காலம்தான் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் நீலம், 'குட்', சூடு 38 டிகிரி. மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் அந்த டிஸ்க் பயாஸிலேயே, அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் திரையிலேயே, தெரியவில்லை. கேபிள் மாற்றினோம், வேறு கம்ப்யூட்டரில் போட்டோம். டிக், டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் மோட்டார் நின்றுவிடும்.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. டேட்டா மீட்டுத் தரும் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். அங்கே, தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட் போயிருக்கிறது, இதே மாடல் டிஸ்க் ஒன்றைப் பிடித்து அதன் ஹெட்டை எடுத்து மாற்ற வேண்டும் என்று சொல்லி, அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிய மொத்தத் தொகையைவிடக் கூடுதலாக ஒரு தொகை கேட்டார்கள். உத்தரவாதமும் கிடையாது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அது தூசி இல்லாத அறையில் செய்கிற நுட்பமான வேலை. அவர் திரும்பி வருவதற்குள் நான் வீட்டிலிருந்து டிஸ்க்கை எடுத்து வந்து புது டிரைவில் காப்பி ஓடவிட்டிருந்தேன்.

ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அப்பாவிடம் அண்ணன் சொன்னது: "நம்ம கடையில எப்பவும் ரெண்டு காப்பி வெச்சிருப்போங்க." பரவாயில்லை. அந்த டிஸ்க் காசு இன்னும் என் கைக்கு வரவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இப்போது 'அப்படியானால் ஸ்மார்ட் எண்களை, அதாவது டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே எண்ணி வைக்கும் கணக்கைப் பார்ப்பதே வீணா' என்று ஒருவர் கேட்பார். வீண் இல்லை. 2007-ல் கூகுள் ஆட்கள் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றுகூட ஏறாமலே செத்திருக்கின்றன. எங்கள் காசிமேட்டு டிஸ்க் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) முதல்முறையாக ஒன்று தலைகாட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றதைவிட 39 மடங்கு. ஆகவே நீலக் கட்டம் மாறி எச்சரிக்கை மஞ்சள் வந்தால் நம்புங்கள். நீலத்தை நம்பாதீர்கள்.

பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். டேட்டாவை எழுதும் சின்னச் சின்ன துண்டு இடங்கள்தான் செக்டார்கள். டிஸ்க் தன்னிடம் சில உபரி செக்டார்களை ஒதுக்கி வைத்திருக்கும், கன்டெய்னர் லாரிக்கு ஸ்டெப்னி மாதிரி. ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் போனால் அது 'பெண்டிங்' பட்டியலில் ஏறும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ பட்டியலில் அது சி5 என்ற வரி. அதில் மறுபடி எழுதும்போதும் சரிவரவில்லை என்றால் உபரியிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றிக்கொள்ளும், அது 05 என்ற வரியில் கணக்காகும். சி6 என்பது டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்று வரியிலும் 'ரா வேல்யூ', அதாவது உண்மையான எண்ணிக்கை, பூஜ்யமாக இருக்க வேண்டும். சி7 ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கைத் திட்டாதீர்கள். 01 என்ற வரியில் சீகேட் டிஸ்க்குகளில் பயங்கரமாகப் பெரிய எண் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்கள் எழுத்தும் இலக்கமும் கலந்து வந்தால் மெனுவில் ரா வேல்யூவைப் பத்தடிமானத்துக்கு, அதாவது நாம் எண்ணும் சாதாரண எண்ணுக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். சில யூஎஸ்பி பெட்டிகள் இந்த விவரத்தை வெளியே விடாது, அப்போது டிஸ்க்கைக் கழற்றி நேரே மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆல்பம் டிஸ்க் ஒன்றில் சி5 பூஜ்யத்தை விட்டு நகர்ந்து மஞ்சளானது. அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டோம். மஞ்சள் வந்தவுடன் சிலர் முதல் வேலையாக பிழை தேடித் திருத்தும் செக்டிஸ்க் ஓட விடுவார்கள், சிதறிய ஃபைல்களை அடுக்கும் டீஃப்ராக் போடுவார்கள். வேண்டாம். திணறும் டிஸ்க்கை இன்னும் ஓட்டி வதைப்பதுதான் அது. முதலில் திரும்பக் கிடைக்காததை வெளியே எடுங்கள், பாட்டும் படமும் அப்புறம். டிக் டிக் சத்தம் வந்துவிட்டதா, உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பதெல்லாம் கதை.

வாரண்டி இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. அந்தக் கம்பெனி பெயர் வேண்டாம். செத்த டிஸ்க்கை எடுத்துப்போக ஆள் அனுப்பச் சொன்னால், உங்கள் பின்கோடுக்கு பிக்கப் இல்லை என்றார்கள். அதே பின்கோடுக்கு அவர்கள் புது டிஸ்க் விற்கும்போது மட்டும் மறுநாளே வண்டி வந்தது! டாக்ஸி ஆப்பில் எர்ணாவூர் என்று அடித்தால் கேன்சல், சினிமாவில் வட சென்னை என்றால் கையில் அரிவாள். திருவொற்றியூர் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்து வருஷங்கள் ஆகியும் எங்களை ஊருக்கு வெளியே இருப்பவர்களாகத்தான் பார்க்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், சொல்லியாக வேண்டும் போல் இருந்தது. எப்படியும் வாரண்டியில் வருவது காலி டிஸ்க்.

பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர் பரப்பியது, அதாவது எங்கள் தொழில்காரர். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இந்த 'வேறு இடத்தில்' என்பதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஒரே அலமாரியில் எத்தனை பிரதி வைத்தாலும் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நனைக்கும். நீங்கள் கடைக்காரர் இல்லை, அவ்வளவு வேண்டாம். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் சரி, மின்னழுத்தம் எகிறினாலும் சரி, இரண்டும் சேர்ந்து போகும். முக்கியமானவற்றை இன்னொரு பிரதி எடுத்து அக்கா வீட்டிலோ மாமியார் வீட்டிலோ மாடியில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதில் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

'கூகுள் டிரைவ் போதுமே' என்பவர்களுக்கு: பத்திரம், மார்க்‌ஷீட்டுக்குப் போதும், இலவசமாக 15 ஜிபி தருகிறார்கள். ஆனால் கம்ப்யூட்டரோடு தானாக ஒத்துப்போகும் ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் உண்டு.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டேன், எனக்குக் கவலையில்லை என்பவர்களுக்கும் இதே பதில்தான். அதில் டிக் டிக் சத்தம்கூட வராது.

இன்று ராத்திரியே 05, சி5, சி6 மூன்றையும் பாருங்கள். எதிலாவது பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சீரியல் நம்பரை மறைத்துவிட்டுப் போடுங்கள்.