பேட்டரிய மாத்துறதுக்கு முன்னால மீட்டர வச்சுப் பாருங்க

இந்தத் தடவ கேம்பர் வண்டி வச்சிருக்கிறவங்க கேள்விய மட்டும் எடுத்திருக்கேன். பிக்கப் பின்னால கூண்டு கட்டி கட்டில், ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் போட்டு குடும்பத்தோட கெளம்புறவங்க நம்ம பக்கமும் இருக்காங்க, அவங்க கொண்டு வர்ற கரண்டு பிரச்சினைல பேட்டரி மேல குத்தமே இல்லாத பிரச்சினையத்தான் நான் அதிகமா பாக்கேன்.

கேள்வி: தனியா 100 ஏ.ஹெச் (ஆம்பியர் அவர், எவ்வளவு கரண்டு புடிக்கும்ங்கிற கணக்கு) பேட்டரி போட்டு 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓட்டுதேன். ராத்திரி பாதில ஃபிரிட்ஜ் ஆஃப் ஆயிருது, வாங்கி வச்ச மீனெல்லாம் கெட்டுப் போகுது. பேட்டரில மல்டிமீட்டர் வச்சா 12.4 வோல்ட் காட்டுது. கடைல சொன்னாங்கன்னு புது பேட்டரி போட்டேன், அதுலயும் இதே கததான். வண்டி வீட்டு முன்னால, கடக்கரை பக்கத்துல நிக்கும்.
– குளச்சல் வாசகர்

பதில்: அண்ணே, புது பேட்டரிலயும் அதே கோளாறுன்னா பேட்டரிய விட்டுருங்க, ஒயர பாருங்க. நீங்க மீட்டர் வச்சப்ப ஃபிரிட்ஜ் ஓடிட்டு இருந்துதான்னு எழுதல, அதுதான் இங்க முக்கியம். கரண்டு ஓடாதப்ப எவ்வளவு மோசமான ஜாயிண்டா இருந்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ்தான் காட்டும், லோடு ஏறினாத்தான் குட்டு வெளிப்படும். அதனால ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும்போது முதல்ல பேட்டரி தலைல பாருங்க, அப்படியே போய் ஃபிரிட்ஜ் பிளக்கு சொருகுற எடத்துல பாருங்க, பேட்டரில 12.4 இருந்து அங்க 11.6 தான் இருக்குன்னா நடுவுல 0.8 வோல்ட்ட ஒயரும் ஜாயிண்டும் முழுங்குதுன்னு அர்த்தம். 0.3க்கு மேல போகவே கூடாது.

கணக்கு போட்டே காட்டுதேன். வீட்டு ஒயரிங்குக்கு வாங்குற 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) ஒயர்ல கூண்டு கட்டுறவங்க இழுத்திருப்பாங்க, பேட்டரில இருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் 5 மீட்டர்னு வச்சா போக வர 10 மீட்டர், அதுல 5 ஆம்பியர் ஓடினா ஒயர்லயே 0.65 வோல்ட் காலி, கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகுற நொடில இதவிட அதிகம் இழுக்கும், அப்ப ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கிற கட்-ஆஃப் பேட்டரி எறங்கிட்டுன்னு நெனச்சு நிறுத்திரும். இதே 6 ஸ்கொயர் ஒயர்னா நட்டம் 0.17 கிட்டதான். வீட்டுல 230 வோல்ட்டுல அர வோல்ட் போனா யாருக்கும் தெரியாது, 12 வோல்ட்டுல அர வோல்ட்டுங்கிறது பெரிய விஷயம்.

நட்டம் பிளஸ்லயா மைனஸ்லயான்னும் பிரிச்சுப் பாக்கலாம். மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ் ஈயக் குத்தி மேலயே வைங்க, கிளாம்ப் மேல இல்ல, இன்னொண்ண ஃபிரிட்ஜ் பிளக்கோட மைனஸ்ல வைங்க, காட்டுற நம்பர்தான் அந்தப் பக்கத்து நட்டம். பிளஸ்லயும் இதே மாதிரி. நம்ம ஊர்ல மைனஸ் பக்கந்தான் முக்காவாசி மாட்டும், ஏன்னா தனி ஒயர் இழுக்காம சேஸிஸ்ல ஒரு போல்ட்டு போட்டு எர்த் எடுத்திருப்பாங்க, பெயிண்ட சுரண்டாம மேலயே போட்டிருப்பாங்க, ரெண்டு மழை சீசன்ல அடில துரு புடிச்சிரும். நமக்கு ஜூன்ல ஆரம்பிக்கிற தென்மேற்கும் உண்டு, அக்டோபர்ல வர்ற வடகிழக்கும் உண்டு, கூட உப்புக்காத்து.

லக்கு, அதாவது ஒயர் முனைல போல்ட்டு மாட்டுற வளையம், அது மேல போட்டிருக்கிற ஸ்லீவ பிளேடு வச்சு கொஞ்சம் கீறிப் பாருங்க. உள்ள காப்பர் பளபளன்னு இருக்கணும், அதுக்குப் பதிலா பச்சையா களிம்பு கட்டி, ஒயர் இழை கறுத்துப் போய், கையால மடக்கினா பொடிப்பொடியா உதிருதுன்னா அந்தத் துண்ட வெட்டிப் போட்டுட்டு புது லக்கு அடிங்க. கட்டிங் பிளையர்ல நசுக்குறது கிரிம்ப் இல்ல, கிரிம்பிங் டூல்ல அடிச்சு, உள்ள பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு சூடு காட்டுங்க, காத்து உள்ள போகாது. கடக்கரைல நிக்கிற வண்டின்னா வெள்ளீயம் பூசுன காப்பர் ஒயர், படகுக்குப் போடுறது, அதையே கேட்டு வாங்குங்க, வெல கூடத்தான் ஆனா அந்தக் காச நான் செலவழிக்கச் சொல்லுவேன். பழைய பேட்டரிய எக்ஸ்சேஞ்சுல குடுக்கலன்னா வச்சிருங்க, அது நல்லாத்தான் இருக்கும்.

கேள்வி: நாகர்கோவில்ல இருந்து மதுரைக்குப் போய்ச் சேந்தாலும் பின்னால உள்ள பேட்டரி ஃபுல் ஆக மாட்டேங்குது. வண்டி பி.எஸ். 6 (புதுப் புகை விதிப்படி வந்தது). முன் பேட்டரில இருந்து ரிலே (தானா சேத்து விடுற ஸ்விட்ச்) வழியா ஒயர் குடுத்திருக்கு.
– தக்கலை வாசகர்

பதில்: இப்ப வர்ற வண்டி நெறையதுல ஆல்டர்நேட்டர, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறத, கம்ப்யூட்டர்தான் ஓட்டுது. முன் பேட்டரி நெறஞ்சதும் டீசல் மிச்சம் புடிக்க வோல்டேஜ எறக்கிரும், பின்னால ஒரு பேட்டரி பசியோட கெடக்குன்னு அதுக்குத் தெரியாது. லெட் ஆசிட் பேட்டரி நெறைய 14.4 கிட்ட வேணும், 12.8 தான் வருதுன்னா எத்தன மணி நேரம் ஓட்டினாலும் நெறையாது. வோல்டேஜ் எறங்கினா ரிலேயும் கழண்டுக்கும். ரிலேய எடுத்துட்டு டி.சி. டு டி.சி. சார்ஜர் போடுங்க, உள்ள வர்றது கம்மியா இருந்தாலும் வெளிய 14.4 குடுக்கும், 30 ஆம்பியர் சார்ஜர்னா 4 மணி நேரத்துல 120 ஏ.ஹெச் வரைக்கும் தள்ளும், லெட் ஆசிட்டுன்னா கடைசி 20 சதவீதம் மெதுவாத்தான் ஏறும். லித்தியம் பேட்டரிய ரிலேல நேரா மாட்டவே மாட்டாதீங்க, அது இழுக்கிற இழுப்புக்கு ஆல்டர்நேட்டர் சூடாகி வெந்துரும். இன்னொண்ணு, முன் பேட்டரி மைனஸ் கிளாம்புல சின்னதா ஒரு சென்சார் டப்பா இருந்தா உங்க மைனஸ் ஒயர அதுக்கு அந்தப் பக்கம் பாடில குடுங்க, பேட்டரி தலைல குடுத்தா கம்ப்யூட்டர் கணக்கு தப்பிரும்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்த டியூபுலர் பேட்டரி சும்மா கெடக்கு. கேம்பர்ல கட்டிலுக்கு அடில வைக்கலாமா?
– மார்த்தாண்டம் வாசகி

பதில்: வேண்டாம் அக்கா. பேச்சிப்பாறை ரோட்டு வளைவுல ஒரு தடவ சாஞ்சா ஆசிட் வெளிய வரும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், மூடுன கூண்டுல அது 4 சதவீதம் சேந்தா ஒரு பொறி போதும் வெடிக்க, அதுக்கு மேலதான் புள்ளைங்க படுக்கும். சீல் பண்ண ஏ.ஜி.எம். (ஆசிட் ஒழுகாத லெட் ஆசிட் பேட்டரி) இல்லன்னா எல்.எஃப்.பி. (இரும்பு பாஸ்பேட்) லித்தியம் வாங்குங்க.

கேள்வி: 20 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகுது. 40 போட்டுரலாமா?
– ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: போடவே போடாதீங்க. ஃபியூஸ் இருக்கிறது ஒயரக் காப்பாத்த. 40 போட்டா அடுத்து உருகுறது ஒயர், அது கூண்டு பிளைவுட்டுக்குள்ள இருக்கு. எங்க உரசுதுன்னு தேடுங்க, தகரத்துல ஓட்ட போட்டு ரப்பர் வாஷர் இல்லாம ஒயர் நுழையுற எடத்துலதான் முதல்ல பாக்கணும். அந்த ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்துலயே இருக்கணும், ஒயரோட அந்தக் கடைசில இருந்தா பிரயோஜனம் இல்ல.

கேள்வி: ஒரு வாரம் வீட்டுல நின்னா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது.
– குலசேகரம் வாசகர்

பதில்: ஏதோ ஒண்ணு சாவி எடுத்த பெறகும் குடிச்சிட்டு இருக்கு. வண்டிய பூட்டி அர மணி நேரம் விடுங்க, கம்ப்யூட்டர் தூங்கட்டும், பெறகு மைனஸ் ஒயர கழட்டி நடுவுல மீட்டர 10 ஆம்பியர்ல வைங்க, வச்ச பெறகு சாவிய தொடாதீங்க, மீட்டர் போயிரும். கழட்டி மாட்டுறதுல கம்ப்யூட்டர் திரும்ப முழிச்சிரும், அதனால நம்பர் எறங்குற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ளன்னா சரி. அர ஆம்பியர் காட்டினாலே ஒரு நாளைக்கு 12 ஏ.ஹெச், ஒரு வாரத்துல எந்த ஸ்டார்ட்டிங் பேட்டரியும் தாங்காது. ஃபியூஸ ஒவ்வொண்ணா உருவுங்க, எத உருவும்போது நம்பர் எறங்குதோ அந்த லைன்தான். இன்வெர்ட்டர் ஸ்விட்ச ஆஃப் பண்ணாம விடுறதும் ஜி.பி.எஸ். டிராக்கரும் அடிக்கடி மாட்டும்.

கேள்வி: கன்னியாகுமரில ஒரு லாட்ஜ் காம்பவுண்டுல நிறுத்தி ஒயர் இழுத்து கரண்டு எடுத்தோம். வெறுங்காலோட ஏணிய தொட்டப்ப மனைவிக்கு சுருக்குன்னு அடிச்சுது. பயப்படணுமா?
– பத்மநாபபுரம் வாசகர்

பதில்: கண்டிப்பா பயப்படணும், இத சரி பண்ணாம இனிமே எங்கயும் பிளக்கு போடாதீங்க. உங்க வண்டில எங்கயோ 230 வோல்ட் பாடில கசியுது, பாடிக்கு எர்த்தும் சரியா கெடைக்கல. வண்டி ரப்பர் டயர் மேல நிக்குது, கரண்டு தரைக்குப் போக வேற வழியே கெடையாது, ஈரத் தரைல வெறுங்காலோட நின்னு தொடுறவங்கதான் வழி. எலக்ட்ரீஷியன வச்சு உள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) போடச் சொல்லுங்க, மூணாவது பின் ஒயர சேஸிஸோட சேக்கச் சொல்லுங்க, சார்ஜரையும் இன்வெர்ட்டரையும் கசிவு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. வெளியூர்ல பிளக்கு போடுறதுக்கு முன்னால மீட்டர ஏ.சி.ல வச்சு ஃபேஸுக்கும் (கரண்டு வர்ற ஓட்ட) எர்த்துக்கும் நடுவுல பாருங்க, 230 கிட்ட காட்டலன்னா அங்க எர்த் இல்ல. அன்னைக்கு ராத்திரி பேட்டரில ஃபேன் மட்டும் ஓட்டிக்கங்க.