விண்கலத்தின் பாலிமர் படலங்கள் சுற்றுப்பாதையில் ஏன் அரிக்கப்படுகின்றன? அவற்றை எப்படிக் காக்கிறார்கள்?

பூமிக்கு மேலே சில நூறு கி.மீ. உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளை ஒற்றை அணுக்களாக உடைத்துவிடுகின்றன. எதனோடும் உடனே சேரத் துடிக்கும் அந்த அணுக்கள்மீது விண்கலம் நொடிக்குச் சுமார் 8 கி.மீ. வேகத்தில் மோதுகிறது. காப்டான் என்ற பிளாஸ்டிக் போன்ற பாலிமர் படலத்தின் கார்பன் வாயுவாகிப் பறந்துவிட, படலம் மெலிந்துகொண்டே போகும். இதுதான் அணு ஆக்சிஜன் அரிப்பு.

காப்பு எளியது: ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட ஒரு பொருளை மேலே பூசுவது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகளில் மிக மெல்லிய சிலிக்கான் டைஆக்சைடு பூச்சு உண்டு. தலைவலி ஊசித்துளைகள்தான். பெயின்ட் கீறிய இரும்பில் துரு அடியில் பரவுவதுபோல, துளைவழி நுழையும் அணுக்கள் பூச்சுக்குக் கீழே குடைந்துவிடும். தடிமனாகப் பூசலாமே என்றால், மடக்கும்போது விரிசல் விடும்.

பலர் நினைப்பதுபோல இது உராய்வுச் சூட்டில் கருகுவதல்ல; சூடே தேவைப்படாத வேதிவினை.