பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? – கணினி கேள்வி-பதில்

பயாஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இப்போது ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பட்டன் செல்லைக் கழற்றி மாட்டியும் பலனில்லை. மதர்போர்டு போனதுதானா?
– வாசகர், ஈரோடு

போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கெட்டுப்போனது எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன ஐசியில் எழுதப்பட்டிருந்த பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை நிரல் மட்டுமே. பட்டன் செல்லைக் கழற்றினால் அழிவது தேதி, பூட் வரிசை போன்ற அமைப்புகள்தான். பயாஸ் நிரல் இருப்பது வேறு சிப்பில். அதனால்தான் உங்கள் முயற்சி பலிக்கவில்லை.

முதலில் போர்டின் பின்பக்க இணைப்புத் தகட்டைப் பாருங்கள். 'ஃபிளாஷ் பயாஸ்', 'பயாஸ் ஃபிளாஷ்பேக்', 'கியூ-ஃபிளாஷ் பிளஸ்' என ஏதாவது எழுதிய பட்டன் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. (கியூ-ஃபிளாஷ் பிளஸ் பட்டன் சில போர்டுகளில் உள்பக்கம் இருக்கும்.) இந்த வசதிக்கு பிராசசரும் ரேமும் தேவையில்லை. எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளையிலிருந்து 24 பின் இணைப்பும் பிராசசருக்கான 8 பின் இணைப்பும் வந்தால் போதும்.

32 ஜிபிக்கு மிகாத பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். நிறுவனத் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான பயாஸை இறக்கி, ஜிப்பை விரித்து, உள்ளே உள்ள கோப்பை மட்டும் எடுங்கள். போர்டில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்ற வேண்டும்: எம்எஸ்ஐ போர்டுக்கு எம்எஸ்ஐ.ரோம் (MSI.ROM), ஜிகாபைட்டுக்கு ஜிகாபைட்.பின் (GIGABYTE.bin). அசூஸுக்கு ஜிப்புக்குள்ளேயே வரும் பெயர் மாற்றும் கருவியை ஓட்டினால் போதும். பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டை விண்டோஸ் மறைத்து வைத்திருந்தால் பெயர் இரட்டைப் பின்னொட்டாகிவிடும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

பென்டிரைவை அதற்கென்று குறித்த யூஎஸ்பி போர்ட்டில் செருகி, கணினி அணைந்த நிலையில் பட்டனை அழுத்துங்கள். அசூஸில் விளக்கு மூன்று முறை மினுக்கும்வரை, சுமார் 3 விநாடி, அழுத்திப் பிடிக்க வேண்டும். மினுக்கல் தொடர்ந்து பிறகு அணைந்தால் வேலை முடிந்தது. சில விநாடி மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் கோப்பைப் படிக்கவில்லை என்று பொருள். பெயரையும் பென்டிரைவையும் மாற்றிப் பாருங்கள். வேலை முடிய 5 முதல் 8 நிமிடம் ஆகலாம். அதற்குள் சுவிட்சைத் தொடாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யூபிஎஸ் மோடில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். நார்மல் மோடில் மாறும் நேரம் அதிகம். அந்த இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடக்கூடும்.

லேப்டாப்பில் அப்படிப் பட்டன் எதுவும் இல்லையே?
– வாசகர், தஞ்சாவூர்

பட்டனுக்குப் பதில் விசைக் கூட்டு இருக்கிறது. ஹெச்பியில் வேறொரு கணினியில் ஹெச்பியின் பயாஸ் கோப்பை ஓட்டி, மீட்பு பென்டிரைவ் தயாரித்துக்கொள்ளுங்கள். சார்ஜரை இணைத்து, விண்டோஸ் விசையையும் பி விசையையும் அழுத்தியபடி பவர் பட்டனை 2–3 விநாடி அழுத்தி விடுங்கள். மற்ற இரண்டையும் விடாமல் பிடித்திருங்கள். சில மாடல்களில் பி விசைக்குப் பதில் வி விசை. டெல்லில் சார்ஜரைக் கழற்றி, கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டே சார்ஜரைச் செருக வேண்டும். மீட்புத் திரை வந்ததும் விசைகளை விடலாம். திரை ஒரு நிமிடம் இருட்டாக இருந்தாலும் பொறுங்கள்.

பட்டனும் இல்லை, விசையும் வேலை செய்யவில்லை. சிஹெச்341ஏ புரோகிராமர் வாங்கி நானே எழுதலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

எழுதலாம். அது சிப்பில் க்ளிப் மாட்டி, வேறொரு கணினியிலிருந்து நேரடியாக பயாஸை எழுதும் சிறு கருவி. ஆனால் வோல்டேஜை அறியாமல் க்ளிப்பை மாட்டாதீர்கள். சரிசெய்யக்கூடிய போர்டு உண்மையிலேயே சாவது இங்கேதான்.

சிப்பின் மேல் உள்ள எழுத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். வின்பாண்டில் 25கியூ128க்குப் பின் எஃப்வி, ஜேவி என்றால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்றால் 1.8 வோல்ட். மேக்ரோனிக்ஸில் 25எல் 3.3 வோல்ட், 25யூ 1.8 வோல்ட். 1.8 சிப்புக்குத் தனி அடாப்டர் கட்டாயம். இன்னொரு சிக்கல்: மலிவான கறுப்பு நிறப் புரோகிராமர்கள் பலவற்றில் சப்ளை 3.3 ஆக இருந்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வரும். மல்டிமீட்டரை வைத்து 1, 5, 6ஆம் கால்களில் அளந்துவிட்டு, 3.3க்கு மாற்றியமைத்த புரோகிராமரை மட்டும் பயன்படுத்துங்கள்.

எஸ்எம்பிஎஸ் இணைப்புகளையும் பட்டன் செல்லையும் கழற்றுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியையும். சிப்பில் புள்ளி வைத்த மூலைதான் 1ஆம் கால். க்ளிப்பின் சிவப்புக் கம்பி அங்கே வர வேண்டும். எதையும் எழுதும் முன் சிப்பை மூன்று முறை படித்துத் தனித்தனிக் கோப்பாகச் சேமியுங்கள். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் க்ளிப் சரியாகப் பிடித்திருக்கிறது. படித்த கோப்பு முழுக்க எஃப்எஃப் (FF) என்றே வந்தால் சிப்போடு தொடர்பே இல்லை. ஒவ்வொரு முறையும் வேறாக வந்தால், புரோகிராமர் தரும் மின்சாரத்தைப் போர்டின் மற்ற பாகங்களும் இழுக்கின்றன. அப்போது சிப்பைச் சூடான காற்று வீசும் ஹாட் ஏர் கருவி வைத்துக் கழற்றித்தான் படிக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

எழுதும் கோப்பு சிப்பின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். 128 மெகாபிட் சிப் என்றால் 1,67,77,216 பைட். அசூஸ் தரும் கேப் (.CAP) பயாஸ் கோப்பு 1,67,79,264 பைட் இருந்தால், முதல் 2,048 பைட் தலைப்பு. கோப்பை பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் அதை வெட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். வெட்டாமல் எழுதினால் எல்லாம் இடம் தள்ளி உட்கார்ந்து, போர்டு எழவே எழாது. பிறகு அழித்தல், காலியா என்று பார்த்தல், எழுதுதல், ஒப்பிடுதல் என்ற வரிசை. ஒப்பிடுதலில் ஒரு பிழை வந்தாலும் பவர் கொடுக்காதீர்கள்.

சிப்பிலிருந்து முதலில் படித்துச் சேமித்த பழைய கோப்பை (டம்ப்) அழித்துவிடாதீர்கள். போர்டின் சீரியல் எண், இன்டெல் லேனின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்), லேப்டாப் என்றால் விண்டோஸ் லைசென்ஸ் சாவி ஆகியவை அதற்குள்தான் இருக்கின்றன. தளத்துக் கோப்பை அப்படியே எழுதிவிட்டு, மேக் முகவரி 88:88:88:88:87:88 என்று வந்து நிற்பவர்கள் பலர். பழைய டம்ப் இருந்தால் அந்தப் பகுதியை எடுத்துப் புதிய கோப்பில் ஒட்டிக்கொள்ளலாம்.

மீட்டுவிட்டேன், ஆனால் விண்டோஸ் 48 இலக்க எண் கேட்கிறது!
– வாசகர், சேலம்

அது வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண். பயாஸ் மாறியதால், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் எனும் பாதுகாப்புப் பகுதி பழைய சாவியைத் தர மறுக்கிறது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கலாம், மொபைலிலேயே பார்க்கலாம். அது கிடைக்கும்வரை வட்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

டிடிஆர்5 ரேம் போட்ட ஏஎம்டியின் ஏஎம்5 வகைப் போர்டு. அப்டேட் முடிந்தது, மூன்று நிமிடமாகத் திரை கறுப்பு. ஃபிளாஷ்பேக் செய்யவா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம், காத்திருங்கள். புதிய பயாஸ் ரேமின் நேரக்கணக்கை முதலிலிருந்து சரிபார்க்கிறது. நான்கு ரேம் இருந்தால் இன்னும் நேரம் எடுக்கும். 15 நிமிடம் கழித்தும் படம் வராவிட்டால், அணைத்துவிட்டு ஒரே ஒரு ரேமை மட்டும் பிராசசரிலிருந்து இரண்டாவதாக உள்ள ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.