வலையில் குறைந்தால் கடலில் குறைந்ததாகுமா? விலங்கு மிதவை உயிரிகள்: கேள்வி பதில்

கடலின் விலங்கு மிதவை உயிரிகள் (நீரோட்டத்தோடு மிதந்து திரியும், பெரும்பாலும் மிகச் சிறிய விலங்குகள்) பருவத்துக்குப் பருவம் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கே: குளிர்காலத்தில் மேல்மட்டத்தில் வலை இழுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே சிக்குவதில்லை. எல்லாம் செத்துவிடுகின்றனவா?

நிறைய செத்துப்போகும், உண்மைதான். ஆனால் பெரும்பங்கு கீழே இறங்கிவிடுகிறது. வட அட்லாண்டிக்கின் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்ற கோப்பிபாடை (இறாலுக்கு உறவான மிகச் சிறிய ஓட்டுயிரி) எடுத்துக்கொள்ளுங்கள். முதிர்வதற்கு முந்தைய பருவத்தில், உடம்பு நிறைய எண்ணெய் சேர்த்துக்கொண்டு, பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய் உணவே இல்லாமல் உறங்கிக் கிடக்கும். சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே. அதை நுண்ணோக்கியில் ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது: கண்ணாடி போன்ற உடல், நடுவில் நீளவாக்கில் பளபளக்கும் எண்ணெய்ப் பை. நன்றாகத் தின்ற உயிரியில் அந்தப் பையே உடலின் பெரும்பகுதியை அடைத்திருக்கும். அதுதான் அதன் குளிர்காலச் சேமிப்பு, அடுத்த தலைமுறைக்கான முதலும்கூட.

ஆகவே 'குறைந்துவிட்டது' என்று எழுதும் முன், எவ்வளவு ஆழம் வரை பார்த்தோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: வசந்தத்தில் ஏன் திடீர்ப் பெருக்கம்?

குளிர்காலக் காற்றும் குளிர்ச்சியும் கடலைக் கலக்கி, ஆழத்திலிருந்து நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளை மேலே கொண்டுவந்து வைத்திருக்கும். வெயில் ஏறி மேல்நீர் சூடானதும் கலப்பு நின்று, தாவர மிதவை உயிரிகள் (ஒளியில் வளரும் நுண்பாசிகள்) வெளிச்சத்திலேயே தங்கிப் பெருகுகின்றன. அவை நாளுக்கு ஒரு முறைகூடப் பிளந்து இரட்டிக்கும். கோப்பிபாடுக்கு அந்த வேகம் வராது. முட்டையிலிருந்து ஆறு நாப்ளியஸ் (இளம் லார்வா) பருவம், அப்புறம் முதிர்ச்சிக்கு முன் ஐந்து பருவம் என்று பல வாரங்கள் ஆகும். அதனால்தான் பச்சை முதலில், மேய்பவை சில வாரங்கள் கழித்து.

கே: எண்ணிக்கை கூடும்போது இன வகையும் கூடும் அல்லவா?

இல்லை. பெரும்பாலும் நேர்மாறு. ஆயிரம் உயிரிகள் உள்ள ஒரு மாதிரியில் 900 ஒரே இனம், மீதி நூறு பத்து இனங்கள் என்று வையுங்கள். இன்னொன்றில் மொத்தமே 200, ஆனால் முப்பது இனங்கள் ஓரளவு சமமாக. எண்ணிக்கையில் முதலாவது பெரிது, பன்மையில் இரண்டாவது. வசந்தப் பெருக்கத்தில் வேகமாக வளரும் ஓரிரு இனங்கள் மேடையைப் பிடித்துக்கொள்கின்றன. இலையுதிர் காலத்தில் அவை தளர்ந்த பிறகு பல இனங்களுக்கு இடம் கிடைக்கிறது. வெறும் இன எண்ணிக்கையோடு நிற்காமல், இனங்கள் எவ்வளவு சமமாகப் பகிர்ந்திருக்கின்றன என்பதையும் கணக்கில் எடுக்கும் ஷானன் குறியீட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கே: வெப்பமண்டலக் கடலுக்குப் பருவமே கிடையாதா?

உண்டு, அங்கே காற்றுதான் பருவம். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையோரம் ஆழ்நீரை மேலே இழுக்கிறது. குளிர்காலத்தில் வடபகுதி குளிர்ந்து கலங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் தாவர உற்பத்தி நன்றாகக் குறையும். ஆனால் மேல் அடுக்கில் விலங்கு மிதவையின் அளவு அதே விகிதத்தில் குறைவதில்லை! இதை 'அரபிக்கடல் முரண்' என்றே அழைக்கிறார்கள். பாக்டீரியாவும் அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களும் அந்த மாதங்களில் சோறு போடுகின்றன என்பதே 1990களில் தரப்பட்ட விளக்கம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது.

கே: கோடையில் குவியும் கிளாடோசெரன்கள் (நீர்த்தெள்ளு வகைச் சிற்றுயிர்கள்) பிறகு எங்கே போகின்றன?

முட்டையாகச் சேற்றில். நல்ல காலத்தில் பெண்கள் ஆணின்றியே பெருகும். நிலைமை கெடும்போது உறங்கும் முட்டையிட்டு மறையும்.

கே: இதனால் மீனுக்கு என்ன?

காலம் தப்பினால் பட்டினி. 1931 முதல் வணிகக் கப்பல்கள் இழுத்துச்செல்லும் மிதவைப் பதிவுக்கருவி வட கடலில் ஒரு மாற்றத்தைக் காட்டியது: வசந்தத்தில் உச்சம் தொடும் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் குறைந்து, கோடை முடிவில் பெருகும் கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் கூடியது. காட் மீன் குஞ்சுக்கோ உணவு வசந்தத்திலும் முன்கோடையிலும் வேண்டும். கலானஸ் இருந்தும், வேண்டிய மாதத்தில் இல்லை.

கே: மாதம் ஒரு முறை மாதிரி எடுத்தால் போதுமா?

பருவத்தின் பொது வடிவம் தெரியும். இரண்டு வாரமே நீடிக்கும் சால்ப் (ஜெல்லி போன்ற மிதவை விலங்கு) பெருக்கம் நழுவிப்போகும். முடிந்தால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் இழுங்கள். இரவில் மேலே வந்து பகலில் இறங்கும் உயிரிகள் நிறைய. வலைக்கண்ணை இடையில் மாற்றாதீர்கள். 200 மைக்ரான் வலையில் நாப்ளியஸ்கள் பெரும்பாலும் நழுவிவிடும். வலை வாயில் நீரளவுமானி கட்டாயம். 0.25 சதுர மீட்டர் வாயை 50 மீட்டர் இழுத்தால் 12.5 கன மீட்டர் என்பது தாள் கணக்கு. வலை அடைத்துக்கொண்டால் உண்மையில் புகுந்த நீர் அதைவிடக் குறைவு. பெருக்கக் காலத்தில்தான் வலை அதிகம் அடைக்கும்.