இருப்பதே தெரியாத பையன்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): 17 வருடமாக வீட்டிலேயே வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். 26 மாணவர்கள், தினமும் மாலை 4 முதல் 9 வரை வகுப்பு. பெற்றோர் கடைசி நிமிடத்தில் 'இன்று வரவில்லை' என்று மெசேஜ் போட்டுவிட்டு, அந்த வகுப்பை ஞாயிற்றுக்கிழமை எடுக்கச் சொல்கிறார்கள். லீவு மாதத்துக்குக் கட்டணம் தருவதில்லை. பிள்ளைகள் வீட்டில் வயலின் பெட்டியைத் திறப்பதே இல்லை. உறவினர்களோ 'இது சரி, வேலை என்ன பார்க்கிறாய்?' என்கிறார்கள். கொஞ்ச நாளாக இடது காதில் இரைச்சல் வேறு. வீட்டில் மட்டும் குறையில்லை, மனைவி ஒத்துழைக்கிறாள், வகுப்பு நேரத்தில் 11 வயது மகன் வீட்டில் இருப்பதே தெரியாது. இதை விட்டுவிட்டு ஏதாவது பள்ளியில் சேர்ந்துவிடலாமா?

பதில்: தம்பி, வராத மாணவன், தராத கட்டணம், திறக்காத பெட்டி, இதையெல்லாம் வீட்டில் வாத்தியம் சொல்லிக்கொடுக்கிற எல்லோரும் எனக்கு எழுதுகிறார்கள். தட்டிக்கொடுக்கப் போவதில்லை. வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கினால் வராத வகுப்புக்குத் தரமாட்டார்கள்தான். நீங்கள் விற்பது அந்தப் பிள்ளைக்காக ஒதுக்கிவைத்த நேரத்தை. அதற்கான காசை மாதத்தின் முதல் வாரத்திலேயே மொத்தமாக வாங்குங்கள், 24 மணி நேரம் முன்னால் சொல்லாமல் நின்றால் அந்த வகுப்பு போனது போனதுதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாலு பேர் நின்றுவிடுவார்கள், நிற்கட்டும். காதை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இடது தாடைக்குக் கீழே வைத்து வாசிக்கிற வாத்தியம், பலமாக வாசித்தால் அந்தக் காதுக்குப் பக்கத்தில் 90 டெசிபெல்லைக்கூடத் தொடும், நீங்களோ 17 வருடம் தாமதம். உறவினர்களுக்குப் பதிலே சொல்ல வேண்டாம்.

இதுவரை படித்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. 'மகன் இருப்பதே தெரியாது' என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, எப்படி மனசு வந்தது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பையன் பள்ளி விட்டு வந்து பையைக் கழற்றி வைப்பதற்குள் முதல் மாணவன் செருப்பைக் கழற்றுகிறான், கடைசி மாணவன் போகும்போது இவனுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. ஞாயிறாவது கிடைக்குமா என்றால் அதையும் வராமல் போனவர்களுக்கே எடுத்துக் கொடுக்கிறீர்கள். சொந்த வீட்டில் வாய்விட்டுச் சிரிக்க அவனுக்கு எந்த நேரம் மிச்சம்? பெற்றோரிடம் 'முடியாது' என்று சொல்ல உங்களுக்கு நா எழவில்லை, அதற்கான அபராதத்தை 17 வருடத்தில் 11 வருடம் அந்தப் பிள்ளை கட்டியிருக்கிறான். இதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

எனக்கு இது தெரியும். என் அப்பா வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுத்தவர். இருமல் வந்தால் நாங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுவோம். நல்ல மனிதர், கடன் வைக்காமல் போனார். ஆனாலும் யார் வீட்டிலாவது ஒரு அறை சாத்தியிருந்தால் இந்த 61 வயதிலும் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

மகனுக்கு வயலினில் ஆர்வம் வரவில்லை என்றும் ஒரு வரி குறைப்பட்டிருக்கிறீர்கள். எப்படி வரும்? ஜப்பானில் ஷினிச்சி சுசுகி சின்னக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித்தந்தபோது முதலில் பெற்றோரைத்தான் வாசிக்கக் கற்றுக்கொள்ளச் சொன்னார், அவர்கள் வாசிப்பதைப் பார்த்தால் குழந்தை தானே கையை நீட்டும் என்பது அவர் கணக்கு. உங்கள் பையன் தொட்டிலில் இருந்தபோதே உங்கள் வில்லின் சத்தத்தைக் கேட்டவன், கையை நீட்டவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் வாயை மூட வேண்டும் என்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டான். இனிமேல் அவனை உட்காரவைத்து வில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள், அது இன்னும் மோசம்.

ஊரார் பிள்ளைகளின் கையை நீட்டச் சொல்லி அளந்து, கால் அளவு வயலின் போதாது, அரை வாங்குங்கள், அடுத்த வருடம் முக்கால் என்று சொல்கிறவர் நீங்கள். உங்கள் பிள்ளை இந்த வருடம் எவ்வளவு வளர்ந்தான் என்று மனைவியைக் கேட்காமல் சொல்ல முடியுமா?

பள்ளியில் சேர்வதைப் பற்றி: இந்தக் குணத்தோடு போனால் அங்கேயும் மாலையில் தனி வகுப்பு எடுப்பீர்கள், அதுவும் இதே கூடத்தில். முதலில் ஞாயிற்றுக்கிழமையை மூடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆறரைக்கு நிறுத்துங்கள், வருமானம் குறைந்தால் மீதி நாட்களின் கட்டணத்தைக் கூட்டுங்கள், 17 வருடம் ஆன ஆசிரியர் கூட்டலாம். பகலில் வரக்கூடிய பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் பகலுக்கு மாற்றுங்கள். தகப்பன் வீட்டில் தொழில் செய்வதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் வீடு முதலில் அதில் சாப்பிட்டுத் தூங்குகிறவர்களுக்கு, அப்புறம்தான் மாணவர்களுக்கு. ஆறரைக்குப் பிறகு அவன் கதவைப் படாரென்று சாத்தினால், பழக்கதோஷத்தில் உங்கள் விரல் உதட்டுக்குப் போகும். போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் ஐந்து மாணவர்களின் பெயர் இருக்கிறது, யாருக்கு எந்த விரல் சரியாக விழவில்லை என்பதுவரை இருக்கிறது. அடுத்த கடிதத்தில் பையன் பெயரையும் போடுங்கள்.