கார்டைக் கழற்றாதீர்கள்: மிஷின் பாதுகாப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் மரப்பட்டறைகளிலிருந்தும் வந்தவை. மிஷினின் வகை, டிஸ்கின் அளவு, மோட்டாரின் திறன் ஆகிய மூன்றையும் எழுதினால்தான் உருப்படியான பதில் தர முடியும் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "மிஷின் அடிக்கடி உதைக்கிறது, என்ன செய்யலாம்?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கும் வாசகர், முதலில் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, விவரத்தோடு மறுபடியும் எழுதட்டும்.

கேள்வி (அருமனை): கையால் சுற்றும் ரப்பர் ஷீட் ரோலருக்கு மோட்டார் வைத்திருக்கிறோம். வீட்டுப் பெண்கள்தான் ஷீட் அடிக்கிறார்கள். புதிதாக ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

பதில்: கையால் சுற்றும்போது விரல் சிக்கினால் சுற்றுகிறவர் நிறுத்திவிடுவார்; மோட்டார் நிறுத்தாது. சுமார் 5 அங்குல விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 30 சுற்றுச் சுற்றினாலே, அதன் மேற்பரப்பு ஒரு விநாடியில் 20 சென்டிமீட்டர் உள்ளே இழுக்கும். வலி உறைத்து, சத்தம் போட்டு, இன்னொருவர் ஓடிவந்து சுவரிலிருக்கும் சுவிட்சை அணைப்பதற்குள் கை முழங்கை வரை போயிருக்கும். ஆகவே ஷீட் கொடுப்பவரின் தொடை அழுத்தினாலே மோட்டார் நிற்கும்படி, ரோலருக்கு முன்னால் குறுக்காக ஒரு நிறுத்தக் கம்பியைப் பொருத்துங்கள்; உருளைகளைப் பின்னோக்கிச் சுற்ற வைக்கும் ரிவர்ஸ் சுவிட்சும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உறைந்த ரப்பர் பாலை மேஜையிலேயே தட்டி மெலிதாக்கிய பிறகு, சாய்பலகை வழியாகத் தள்ள வேண்டும். அந்தப் பலகை, நீட்டிய விரல் உருளையைத் தொட முடியாத அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவும் வளையலும் வேண்டாம். உருளையைக் கழுவும்போது பிளக்கைக் கழற்றிவிட்டே கை வைக்க வேண்டும்.

கேள்வி (திங்கள்நகர்): பெஞ்ச் டிரில்லில் துளை போடும்போது எந்த வகைக் கையுறை நல்லது?

பதில்: எந்த வகையும் வேண்டாம். சுற்றும் பிட் நூலைப் பிடித்தால் கையுறையோடு விரலும் போகும். கண்ணாடி மட்டும் கட்டாயம். பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டி வேலை செய்கிறேன். டிஸ்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டு இடிப்பதால் அதைக் கழற்றிவிட்டேன். நல்ல கம்பெனி பிளேடுதான். இதில் தவறு உண்டா?

பதில்: உண்டு, மிகப் பெரிய தவறு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் பார்க்கும் விரல் வெட்டுகளிலும் தொடை வெட்டுகளிலும் இந்த ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வருவதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கையிலிருப்பது இரும்பைத் தேய்ப்பதற்கும் வெட்டுவதற்கும் செய்த மிஷின். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றுகிறது. 4 அங்குல டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தேய்க்கும் டிஸ்க் இரும்பைத் துகள் துகளாக உராய்ந்து எடுக்கும். பல் பிளேடோ மரத்தைக் கடித்து இழுக்கும். பலா மரத்திலோ அயினி மரத்திலோ ஒரு முடிச்சு குறுக்கிட்டால், அல்லது அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால், மிஷின் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உங்களை நோக்கித் திரும்பும். மரம் அறுக்கும் சர்க்குலர் சாவில் இதற்காகவே அகன்ற அடித்தட்டும், பிளேடு வெளியே வந்த கணமே தானாக மூடிக்கொள்ளும் கீழ்க் கார்டும் இருக்கின்றன. கிரைண்டரில் இரண்டும் இல்லை. பல கிரைண்டர்களின் சுவிட்ச் முன்னே தள்ளினால் பூட்டிக்கொள்ளும் வகை என்பதால், கையை விட்டுத் தெறித்த பிறகும் அது சுற்றிக்கொண்டே வரும்.

கார்டு ஏன் இடிக்கிறது என்பதை யோசித்தீர்களா? நீங்கள் மாட்டியது பெரும்பாலும் மார்பிள் கட்டருக்கான 110 மில்லிமீட்டர் பிளேடாக இருக்கும். கிரைண்டரின் கார்டு 100 மில்லிமீட்டருக்குச் செய்தது. அந்தப் பிளேடின் நடுத்துளை 20 மில்லிமீட்டர், கிரைண்டருக்கு வேண்டியது 16. நடுவில் வளையம் வைத்தோ வைக்காமலோ நட்டை இறுக்கினால், பிளேடு மையம் தவறி அதிரும். கார்டு இடிப்பது, இந்த பிளேடு இங்கே பொருந்தாது என்று மிஷின் உங்களுக்குக் காட்டும் அடையாளம். தக்கலைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், கழற்றிய கார்டுகளை ஆணியில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒன்றிலும் பெயிண்ட் கூட உரியவில்லை, வாங்கிய அன்றே கழற்றியிருக்கிறார்கள். அங்கே வேலை பழகும் பையன்கள் கார்டு என்பது மிஷினோடு சேர்ந்தது என்பதையே அறியாமல் வளர்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாத வருத்தம்.

நேராக அறுக்கச் சர்க்குலர் சா, வளைவுக்கு ஜிக்சா. இரண்டும் வாங்க முடியாத நாளில் கைவாள் இருக்கிறது. 7 அங்குல டிஸ்கைச் சிறிய கிரைண்டரில் மாட்டும் ஆட்களும் உண்டு. அந்த டிஸ்கின் தாங்கும் வேகம் சுமார் 8,500 சுற்றுதான், 11,000 சுற்றில் அது வெடித்துச் சிதறக்கூடும். பிளேடு நல்ல கம்பெனியா என்பது இங்கே கேள்வியே இல்லை.

கேள்வி (ஈத்தாமொழி): கதம்பை (தேங்காய் மட்டை) அடிக்கும் மிஷினில் நார் சுற்றி அடைத்துக்கொண்டால், ஓடும்போதே கம்பால் குத்தி எடுக்கலாமா? நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் வேலை கெடுகிறது.

பதில்: கூடாது. உள்ளே சுற்றும் பல் கம்பைப் பற்றினால், கம்பைப் பிடித்த கையும் கூடவே போகும். மோட்டாரை அணைத்து, மெயினையும் இறக்கி, டிரம் முற்றிலும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு நாரை எடுங்கள். மெயின் பெட்டியைப் பூட்டிச் சாவியை உங்கள் மடியில் வைத்துக்கொண்டால், வேறொருவர் தெரியாமல் ஏற்றிவிட முடியாது. ஓடும் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 21ஆம் பிரிவில் எழுதிவைத்தது. பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் இன்றும் ஓட்டுவது வெட்கக்கேடு. வேலை கெடுகிறது என்ற காரணத்தை மறுபடியும் எழுத வேண்டாம்.

கேள்வி (குலசேகரம்): காற்றில் சாய்ந்து, இன்னொரு மரத்தில் தங்கி நிற்கும் ரப்பர் மரத்தைச் செயின் சாவால் நாமே முறிக்கலாமா?

பதில்: பழகாதவர் தொடவே கூடாது. 2017 ஒக்கி புயலில் நம் தோட்டங்களில் விழுந்த மரங்களை நினைத்துப் பாருங்கள். வளைந்து முறுகி நின்ற தடி, அறுபட்ட கணத்தில் வில்லைப் போல அடிக்கும். பழகிய ஆள், அமுங்கிய பக்கத்தில் முதலில் சிறிதளவு அறுத்து, பிறகே இழுபட்ட பக்கத்தை அறுப்பார். செயின் சாவில் செயின் ஓடும் இரும்புப் பட்டையின் நுனியில் மேல்பாதி எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பாருங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி (கொல்லங்கோடு): மழை நேரத்தில் டிரில்லைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது. கை ஈரமாக இருக்கும் நாளில் அதே டிரில் ஆளைக் கொல்லும். பிளக்கைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து எர்த்தையும் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு லைனில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த வாரமே பொருத்துங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டு பெரிய மிஷின் ஓட்டாதீர்கள், சுருள் சூடேறி உருகும்.

கேள்வி (நாகர்கோவில்): வெட்டும் டிஸ்கில் தேதி போட்டிருப்பது எதற்கு?

பதில்: பிசினால் இறுக்கிய டிஸ்க் ஈரம் பட்டும் நாள்பட்டும் வலுவிழக்கும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் அச்சிட்ட மாதமும் ஆண்டும் கடந்திருந்தால், புதிதாகத் தெரிந்தாலும் உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி (திருவட்டார்): பிரஷ் கட்டரால் தோட்டத்தில் புதர்க் காடு வெட்டும்போது பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம்?

பதில்: 15 மீட்டர். அதற்குள் யாராவது வந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். கல் தெறிப்பதைத் தடுக்கும் கார்டு உங்கள் மிஷினில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், மாட்டிய பிறகு தோட்டத்தில் இறங்குங்கள்.