மழை நோட்டும் மாதம் 500 ரூபாயும்

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, "பையன் பிளஸ் ஒன் வந்துட்டான், எதிலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது" என்றீர்கள். கிளம்பும்போது என் மேசைமேல் அவனுடைய பழைய நோட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனீர்களே, அதை முழுக்கப் படித்தேன்.

2019 ஆகஸ்டில் நம் நீலகிரி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானதே, அந்த வாரம்தான் மழையை அளந்து எழுத ஆரம்பித்திருக்கிறான். அப்போது அஞ்சாவது. தலையை வெட்டிய தண்ணீர் பாட்டில், அதில் ஒட்டிய ஸ்கேல், தினமும் காலை எட்டரைக்கு ஒரு வரி. வானிலை ஆய்வு மையமும் அதே எட்டரைக்குத்தான் மழையை அளக்கிறது. ஓரிடத்தில் "நாய் பாட்டிலைத் தட்டிவிட்டது, இன்று கணக்கில் சேராது" என்று எழுதியிருக்கிறான். பத்து வயதுப் பையனின் நேர்மையைப் பாருங்கள்.

ஒன்பதாவது படிக்கும்போது அவன் அப்பா, "நாள் தவறாம எழுது, மாசம் 500 தரேன்" என்றாராம். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். அதுவரை 7, 23, 41 என்று இருந்த மில்லிமீட்டர் கணக்கு 10, 20, 10 என்று மாறுகிறது. நாலு மாதம் கழித்துப் பணம் நின்றது, நோட்டும் நின்றது.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமா? தேயிலை பறிக்கக் கிலோ கணக்கில் கூலி என்றால் இரண்டு இலை ஒரு மொட்டோடு முத்தல் இலையும் பைக்குள் வந்துவிடும். கை எடையைத் தேடும், கொழுந்தைத் தேடாது.

1973-இல் மார்க் லெப்பரும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்காவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு எந்தப் பரிசும் இல்லாமல் விட்டபோது, அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. பிள்ளைகளுக்கு வழிகாட்டும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் "பரிசு வைத்துப் படிக்க வையுங்கள்" என்று பெற்றோரிடம் சொன்னவன்தான். தப்பு.

அதற்காகப் பரிசே கூடாது என்று இல்லை. மாட்டுக்கொட்டகை கழுவக் காசு கொடுங்கள், அதை யாரும் ஆசையாகச் செய்யப்போவதில்லை. ஏற்கெனவே பிடித்துச் செய்வதற்கு விலை வைப்பதுதான் ஆபத்து. பிளஸ் டூவில் 540 எடுத்தால் பைக் என்று அப்பா சொல்லியிருக்கிறாரே, அதையும் மார்க்கிலிருந்து கழற்றிவிடச் சொல்லுங்கள். லைசென்சுக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும், அவசரம் இல்லை. வசதிப்பட்டால் வாங்கிக் கொடுக்கட்டும், பந்தயம் வேண்டாம்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். வழி இருக்கிறது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தால் கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வானிலையியல் படிக்கலாம். கணிதமும் இயற்பியலும் அவன் எடுத்த குரூப்பிலேயே இருக்கின்றன. ஆனால் இதை இன்றைக்கே அவனிடம் சொல்ல வேண்டாம். "இந்த நோட்டால உனக்கு வேலை கிடைக்கும்" என்பதும் இன்னொரு 500 ரூபாய்தான். அவனாகக் கேட்கும்போது என்னிடம் அனுப்புங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். அடுத்த முறை தோட்டத்துக்கு உரம் போடும் முன், "மண்ணுக்கு மழை போதுமா, இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமா?" என்று அவனிடம் கேளுங்கள். அந்தப் பதில் உங்களுக்கு உண்மையிலேயே தேவை, அது அவனுக்கும் தெரியும். சரி, அவன் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "அப்ப திரும்ப எழுதலாமே" என்று மட்டும் உடனே ஆரம்பித்துவிடாதீர்கள்.